வட்டியில்லாமல் சொந்த வீடு: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் அனுபவப்பட்டுச் சொன்ன சொல். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பகுதிகளில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழில்களை நம்பி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் சொந்த வீடு என்பது நெடுநாள் கனவு. அந்தக் கனவை அவசரப்பட்டு வட்டிக் கடனில் நிறைவேற்றிவிட்டு, வாழ்நாள் முழுவதும் தவணை கட்டும் நிலைக்கு நாம் ஆளாகிவிடக் கூடாது.

மிகப் பெரிய மிச்சம் வட்டியில்தான்

செலவைக் குறைப்பது என்றதும் சிமெண்டிலும் கம்பியிலும் கை வைக்கத்தான் பலருக்கும் தோன்றும். ஒரு கணக்கைப் பாருங்கள். 20 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால், மாதத் தவணை சுமார் 17,350 ரூபாய். கடைசியில் நாம் திருப்பிக் கட்டுவது ஏறத்தாழ 41 லட்சத்து 65 ஆயிரம். ஒரு வீட்டைக் கட்டிவிட்டு இரண்டு வீட்டுக்கான பணத்தைக் கொடுக்கிறோம். அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்திருப்பதில் நமக்கு எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

எனவே, "எவ்வளவு பெரிய வீடு வேண்டும்?" என்று தொடங்காமல், "கையில் எவ்வளவு இருக்கிறது?" என்று தொடங்க வேண்டும். ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை, குளியலறை என்று முதலில் கட்டிக் குடியேறலாம். வசதி வரும்போது மாடி எடுக்கலாம். ஆனால் பின்னால் வரப்போகும் மாடியையும் கணக்கில் வைத்துத்தான் அஸ்திவாரத்தையும் மாடிப்படியின் இடத்தையும் இன்றே பொறியாளரிடம் சொல்லித் திட்டமிட வேண்டும்.

மதீனாவில் பள்ளிவாசல் கட்டப்பட்டபோது நபி (ஸல்) அவர்களும் தோழர்களோடு சேர்ந்து கல் சுமந்தார்கள். அதன் தூண்கள் பேரீச்ச மரங்கள், கூரை பேரீச்ச ஓலை. உள்ளூரில் கிடைத்ததைக் கொண்டு, சொந்த உழைப்பில், தேவைக்கு ஏற்பக் கட்டினார்கள். நமக்கும் அதுவே வழி.

இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்

நம் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் பூமி. கரிசல் மண் மழையில் ஊதும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலோட்டமாக வானம் தோண்டிக் கட்டினால், சில ஆண்டுகளில் சுவர் விரிசல் விடும். இத்தகைய மண்ணுக்கு அடியில் குடைபோல் விரியும் 'அண்டர் ரீம்டு பைல்' எனும் தூண் அஸ்திவாரம் உண்டு. மண்ணைப் பரிசோதித்து, எது தேவை என்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு அல்ல.

அடுத்தது கியூரிங். இந்த வெயிலில் காங்கிரீட்டைக் குறைந்தது 10 நாட்களாவது, முடிந்தால் 14 நாட்கள், ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு தண்ணீர் மட்டுமே. வீட்டில் உள்ளவர்களே செய்யலாம். ஆனால் உப்புத் தண்ணீர் கம்பியை அரித்துவிடும் என்பதால் நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள். மாடிக்காக நீட்டி விட்ட கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசித் துருவிலிருந்து காப்பாற்றுங்கள். சிமெண்டை மொத்தமாக வாங்கி அடுக்கினால் மாதக் கணக்கில் வலுவிழக்கும். வேலைக்குத் தக்கபடி வாங்குங்கள்.

இங்கே மிச்சம் பிடிக்கலாம்

இங்கிலாந்தில் 1917 இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007 இல் மறைந்த லாரி பேக்கர், குறைந்த செலவு வீடுகளுக்குப் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர். செங்கலைக் குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'ராட் டிராப்' முறையை அவர் பரவலாக்கினார். இதில் செங்கல் கால்வாசி அளவுக்கு மிச்சமாகும். நடுவில் காற்று இருப்பதால் வெயிலும் உள்ளே குறைவாக இறங்கும். தளத்தில் காங்கிரீட் வேலை செய்யாத அடிப்பகுதியில் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைக்கும் முறையும் உண்டு. இரண்டையும் பழகிய கொத்தனாரைக் கொண்டு, பொறியாளர் வரைபடப்படியே செய்ய வேண்டும்.

மொத்தக் கான்ட்ராக்டுக்குப் பதிலாகப் பொருளை நாமே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசினால் ஒப்பந்தக்காரரின் லாபம் மிச்சமாகும். வீட்டில் ஒருவர் தினமும் நின்று பார்க்க முடிந்தால் மட்டுமே இது சரிவரும். வாஸ்துக்காகக் கதவையும் சுவரையும் இடித்துக் கட்டுவது ஈமானுக்கும் கேடு, பணத்துக்கும் கேடு. ஊர் மெச்ச வேண்டும் என்று முகப்பு அலங்காரத்தில் கொட்டுவது வீண்விரயம்.

மனை, அனுமதி, அரசு உதவி

விலை மலிவாக இருக்கிறதே என்று பட்டாசு ஆலைக்கோ வெடிபொருள் கிட்டங்கிக்கோ அருகில் மனை வாங்காதீர்கள். 2008 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் பாதுகாப்பு இடைவெளியைக் கட்டாயமாக்கியுள்ளன. மனையில் மிச்சம் பிடித்து உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையவழியாக உடனடி அனுமதி பெறும் வசதியைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில், கிராமங்களில் குடிசையில் வாழ்வோர் 360 சதுர அடி வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. தகுதி உள்ளவர்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கணக்கும் அமானிதமும்

பணம் குறைந்தால் அடகுக் கடைக்குப் போகும் முன் உறவினர்களிடமும் ஜமாஅத்திலும் அழகிய கடன் கேளுங்கள். வசதி உள்ளவர்களும் கொடுக்க முன்வர வேண்டும். கடனைத் தவணையோடு எழுதிச் சாட்சி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம் கட்டளையிடுகிறது. உறவு முறியாமல் இருக்க அதுவே நல்ல வழி. கொத்தனார், சித்தாள் கூலியை அவர்களின் வியர்வை உலரும் முன் கொடுத்துவிடுங்கள். அவர்களின் கூலியில் பிடிப்பது மிச்சம் அல்ல, அநீதி.

சிறியதானாலும் கடனில்லாத வீட்டில் நிம்மதியாகத் தொழுது உறங்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.