அவசரம் மற்றும் அவசியம் கருதி…

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ ஆறுவதற்குள் முடியாது, இரண்டாவது டீக்கும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

போன பிரதோஷத்தன்று மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "சார், என்னைத் தெரியுதா?" என்று ஒரு குரல். நான்காம் வகுப்பில் என்னிடம் படித்த பெண். இப்போது வெளியூரில் ஒரு பேரூராட்சியில் கவுன்சிலராம். சந்தோஷமாக இருந்தது. குடும்ப விசாரிப்பெல்லாம் முடிந்ததும் கைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். மன்றக் கூட்ட அஜெண்டா.

"சார், பாதிப் பொருள்ல ஒரே வரி வருது பாருங்க."

பார்த்தேன். "அவசரம் மற்றும் அவசியம் கருதி, மன்றத்தின் ஒப்புதலை எதிர்நோக்கி, தலைவரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட பணியை மன்றம் அங்கீகரிக்கலாம்." பைப் உடைப்புக்கும் அதே வரி. விழாப் பந்தலுக்கும் அதே வரி. பெயின்ட் வாங்கியதற்கும் அதே வரி.

"முடிஞ்ச வேலைக்கு நாங்க எதுக்கு சார் கை தூக்கணும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. மண்டபத்தில் உட்கார்ந்து தெரிந்ததைச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்த வரிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. நம் நாட்டில் ஊராட்சி, நகராட்சிகளுக்கு மக்கள் பிரதிநிதிகள் வேண்டும் என்று ரிப்பன் பிரபு தீர்மானம் கொண்டுவந்தது 1882 மே மாதம். அதையொட்டி 1884இல் சென்னை மாகாணத்துக்கு மாவட்ட நகராட்சிச் சட்டம் வந்தது. பிறகு 1920இல் வந்த சட்டம்தான் நூறாண்டுக்கு மேல் நம் நகராட்சிகளை நடத்தியது. 2023இல்தான் அதன் இடத்துக்குப் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தாளில் வருகிற வாசகம் மட்டும் மாறவில்லை.

1920 சட்டத்தை எழுதியவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. மன்றம் கூடுகிறவரை காலரா காத்திருக்காது, கண்மாய் உடைப்பும் காத்திருக்காது. ஆகவே அவசர நேரத்தில், மன்ற அனுமதி தேவைப்படும் வேலையைக்கூட தலைவர் உடனே செய்யச் சொல்லலாம், செலவை நகராட்சி நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு கடிவாளமும் போட்டார்கள். ஒன்று, பொதுமக்களின் சேவைக்கோ பாதுகாப்புக்கோ அந்த வேலை உடனடியாகத் தேவைப்பட வேண்டும். இன்னொன்று, மன்றம் வேண்டாம் என்று தடுத்த வேலையை இந்த அதிகாரத்தில் செய்யக்கூடாது. மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அடுத்த கூட்டத்திலேயே, செய்ததையும் அதற்கான காரணத்தையும் மன்றத்துக்குச் சொல்ல வேண்டும்.

காரணத்தையும்! மூன்றாம் வகுப்புப் பிள்ளை கட்டுரை எழுதும்போது "ஏன்?" என்று கேட்டால் "ஏனென்றால்" என்று தொடங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம். சட்டம் கேட்டதும் அதுதான். காலப்போக்கில் அந்த "ஏனென்றால்" இருந்த இடத்தில் "அவசரம் மற்றும் அவசியம் கருதி" என்ற அச்சு வரி உட்கார்ந்துகொண்டது. ஏன் அவசரம் என்று கேட்டால், அவசரம் என்பதால் என்று பதில். இந்த விடைக்கு நான் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

கணக்குக் கேட்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். உத்திரமேரூர் கல்வெட்டை எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919இலும் 921இலும் வெட்டியவை. குடவோலையை மட்டும்தான் பாடப்புத்தகம் பெரிதாகச் சொல்லும். எனக்குப் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வரக்கூடாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. (இந்த விதியை இன்று போட்டால் பல ஊர்களில் வேட்பாளருக்கே பஞ்சம் வந்துவிடும்.) நிலமும் சொந்த மனையும் உள்ள அந்தணர்களின் சபை அது. எல்லோருக்கும் அங்கே இடம் இருந்ததாக நாம் பெருமை பேச வேண்டியதில்லை. ஆனாலும் செலவழித்தவன் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

சரி, மன்றம் என்று ஒன்று இருந்தால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். மன்றமே இல்லாவிட்டால்?

நம் மாநிலத்தின் கதையில் பெரிய பகுதி இதுதான். சென்னை மாநகராட்சியில் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. வேலைக்கு வராத கூலியாட்கள் பேரில் சம்பளம் போட்ட விவகாரம். 1973இல் மன்றத்தைக் கலைத்தார்கள். தப்புச் செய்ததற்குத் தண்டனை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மன்றம் எப்போது வந்தது தெரியுமா? 1996இல். இருபத்து மூன்று வருடம் அவ்வளவு பெரிய நகரத்துக்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை. ஊழலுக்கு மருந்து என்று கேள்வி கேட்கிறவர்களையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மற்ற ஊர்களிலும் எழுபதுகளின் நடுவில் முடிந்துபோன நகர்மன்றங்களுக்கு 1986 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. அப்போது நான் இளம் ஆசிரியன், தேர்தல் பணிக்குப் போனேன். இருபத்தைந்து வயது ஆள் ஒருவர் வந்து, "கவுன்சிலர்னா என்ன சார் வேலை?" என்று என்னிடமே கேட்டார். அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊரில் கவுன்சிலரே கிடையாது! அந்த மன்றங்களும் 1991இல் முடிந்தன. பிறகு 1996 அக்டோபர் வரை மறுபடி வெற்றிடம்.

இதற்கிடையில் 1993இல் அரசியல் சட்டத்தின் 73, 74ஆவது திருத்தங்கள் வந்துவிட்டன. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் தேர்தல், இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். இனி வெற்றிடம் இருக்காது என்று வகுப்பில் நானே அடித்துச் சொன்னேன். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையை அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் காலமும் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். முதலில் டிசம்பர் வரை என்றார்கள், பிறகு ஆறு ஆறு மாதமாக நீட்டிப்பு. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19.

அந்த ஐந்து வருடத்துக்கு மேலான காலத்தில் தனி அலுவலர்தான் மன்றம். அலுவலகம் குறிப்பு வைக்கும், அவரே தீர்மானம் நிறைவேற்றுவார். நல்ல அதிகாரிகள் பலர் இருந்தார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேள்வித்தாள் எடுப்பவரும் விடை எழுதுபவரும் திருத்துபவரும் ஒரே ஆள் என்றால் அதைப் பரீட்சை என்று சொல்வோமா?

டெண்டர் விஷயத்திலும் இப்படி ஒரு வாசல் உண்டு. 1998இல் தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்தார்கள். இயற்கைப் பேரிடரிலும் அவசர நிலையிலும் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த நிலையை அரசு அறிவித்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். முன்னறிவிப்புக்கு நேரமில்லாத முக்கியமான முடிவு என்றால், அதைத் தள்ளிப்போட முடியாது என்று கண்காணிப்புக் குழுவின் தலைவர் முதலில் சம்மதிக்க வேண்டும். இரண்டிலும் கவனியுங்கள். இது அவசரம்தானா என்று சொல்கிறவர் ஒருவர், வேலையைச் செய்கிறவர் வேறொருவர்.

இனி நான் நேரில் பார்த்தது. ஊர் பெயர் வேண்டாம். 1997 ஐப்பசி அடைமழை. நான் வேலை பார்த்த நகராட்சித் தொடக்கப்பள்ளியில் கழிப்பறைச் சுவர் வெளியே சாய்ந்து நின்றது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது விரல் நுழையும் அளவு விரிசல். தலைமையாசிரியர் விடுப்பு. நான் சைக்கிளில் ஓடினேன். தலைவரைப் பார்த்தேன், அவர் பொறியாளரைக் கூப்பிட்டார். ராத்திரியோடு ராத்திரியாக பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சுவரை இடித்தார்கள். காலையில் பிள்ளைகள் வந்தபோது அங்கே வெறும் தரை. டெண்டர் இல்லை, தீர்மானம் இல்லை. அன்று யாராவது விதி பேசியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த செய்தியைப் படித்தபோது, அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அடுத்த மன்றக் கூட்டத்தில் அந்தப் பொருள் வந்தது. 1996 தேர்தலில்தான் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்திருந்தது. அப்படி வந்த உறுப்பினர் ஒருவர், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர், எழுந்து நின்றார். நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"சுவரை இடிச்சது சரிதான். பிள்ளைக உசுரு பெருசு. அதுல இருந்த செங்கல் எங்க போச்சு?"

மன்றத்தில் சிரிப்பு. அந்த அம்மா உட்காரவில்லை. பொறியாளர் பதில் சொல்லத் திணறினார், என்னை உள்ளே கூப்பிட்டார்கள். செங்கல் பள்ளிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது என்றேன். "எத்தனை?" என்றார். எண்ணவில்லை என்று ஒத்துக்கொண்டேன். மறுநாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து எண்ணினோம். அன்றைய கணக்குப் பாடமே அதுதான். எண்ணிக்கை மினிட் புத்தகத்தில் ஏறியது. அந்தச் செங்கல்லில் சத்துணவுக் கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் கை கழுவ ஒரு மேடை கட்டினார்கள்.

இந்தக் கதையைத்தான் மண்டபத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு. பிறகு என் சட்டைப்பையில் இருந்த பென்சிலை வாங்கி, அஜெண்டாவில் எந்தெந்தப் பொருளுக்குக் காரணம் கேட்பது என்று ஒவ்வொன்றாக டிக் போட்டார். பைப் உடைப்பை விட்டுவிட்டார். பந்தலுக்கும் பெயின்டுக்கும் டிக் விழுந்தது. அடுத்த கூட்டம் வருகிற மாதமாம். பென்சிலைத் திருப்பித் தர மறந்துவிட்டார், நானும் கேட்கவில்லை.