பாடும் பின் அச்சு



சென்ற மாதம் பிரான்சிலிருந்து என் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு அனுப்பினான். "மாமா, இது என்ன சத்தம்னு கேட்டுச் சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி. காதில் வைத்துக் கேட்டேன். தூரத்தில் யாரோ ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று முனகுவதுபோல் இருந்தது. வேகம் கூடக்கூட சுருதியும் ஏறியது.

பயல் இரண்டு வருடம் முன்பு ஒரு பழைய பெழோ 504 கூப்பே வாங்கியிருந்தான். வி6 எஞ்சின், பினின்ஃபரினா வரைந்த உடல். அந்த நாளில் அது வேகத்துக்குப் பேர்போன வண்டி. 1978ஆம் ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலியில் ழான்-பியேர் நிக்கோலா முதலிடம் பிடித்தது இந்த வகை வண்டியில்தான். இப்போது அதன் பின் அச்சு பாடுகிறது. பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள், 'லெ போன் ஷாந்த்' என்று. நம் மெக்கானிக்குகள் 'கிரௌன் பினியன் சத்தம்' என்பார்கள்.

ஆயுள் முழுக்கக் கோப்பு கட்டிய குமாஸ்தாவிடம் இதை ஏன் கேட்கிறான் என்று நீங்கள் நினைக்கலாம். பழைய 'ரெவ்யூ தெக்னிக் ஓட்டோமோபில்' இதழ்களைச் சேர்த்துப் படிக்கும் கிறுக்கு எனக்கு உண்டு என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் கிறுக்கு எதனால் பிடித்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தச் சத்தத்தின் சரித்திரம்.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு சக்கரமும் அச்சின் இரு முனையில் தன்பாட்டுக்குச் சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடும், உட்சக்கரம் குறைவாக ஓடும். ஒன்றை ஒன்று கேட்க வேண்டியதில்லை. இழுப்பது மாடு, சக்கரம் உருள்வதோடு சரி. ஆனால் எஞ்சின் வந்து சக்கரத்தையே சுழற்றத் தொடங்கியபோது சிக்கல் பிறந்தது. இரு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கிச் சுழற்றினால் வளைவில் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே போக வேண்டும்.

1769-71இல் குன்யோ செய்த நீராவி வண்டிக்கு முன்னால் ஒற்றைச் சக்கரம், விசை அதற்குத்தான். ஆகவே அவர் இந்தச் சிக்கலைச் சந்திக்கவில்லை. வண்டி இன்றும் பாரீசின் ஆர்ஸ் எ மெத்தியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் பட்டறைத் தலைவராயிருந்த ஒனேசிஃபோர் பெக்கர் என்பவர்தான் 1820களின் இறுதியில் வழி கண்டார். கடிகார வேலை தெரிந்தவர். நீராவி வண்டிக்காக அவர் காப்புரிமை பெற்ற பற்சக்கரத் தொகுதியே இன்றைய டிஃபரன்ஷியலின் மூதாதை. விசையை இரு பக்கமும் பகிர்ந்து கொடுக்கும், ஆனால் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல இடம் விடும். 1877இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி இதை மூன்று சக்கர மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். பென்ஸின் முதல் மோட்டார் வண்டியிலும் டிஃபரன்ஷியல் உண்டு.

முதல் கார்கள் பலவற்றில் விசை சங்கிலி வழியாகப் பின் சக்கரத்துக்குப் போனது. சங்கிலியின் கடகடப்பில் மற்ற எந்தச் சத்தமும் காதில் விழாது. 1898ஆம் வருடம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், லூயி ரெனோ என்ற இருபத்தொரு வயது இளைஞர் தான் செய்த சிறு வண்டியை மோன்மார்த்தரின் செங்குத்தான லெப்பிக் தெருவில் ஏற்றிக் காட்டினார். சங்கிலிக்குப் பதிலாக அதில் ஒரு நீள்தண்டு; பின் அச்சில் கூம்புப் பற்சக்கரங்கள். அன்றிரவே பன்னிரண்டு வண்டிக்கு ஆர்டர் கிடைத்ததாகச் சொல்வார்கள். சங்கிலி ஓய்ந்தது. பற்சக்கரம் முனகுவது கேட்கத் தொடங்கியது.

அந்தக் கூம்புச் சக்கரங்களின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. ஒரு பல் முழு அகலமும் ஒரே நேரத்தில் அடுத்த பல்லில் மோதும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சிறு மோதல்கள் சேர்ந்தால் அதுவே ஒரு சுருதி. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரின் கிளீசன் பட்டறையார், பல்லை வளைவாக வெட்டும் எந்திரம் செய்தார்கள். வளைந்த பல் ஒரு முனையில் மெல்லத் தொட்டு மறுமுனை வரை வழுக்கிப் போகும். 1913இல் பாக்கார்டு கார் அதை ஏற்றது. 1926இல் அதே பாக்கார்டு 'ஹைப்பாயிட்' வகைக்கு மாறியது. இதில் சிறு சக்கரமான பினியன், பெரிய கிரௌன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். நீள்தண்டு தாழ்ந்தது, காரின் தளமும் தாழ்ந்தது, பற்கள் இன்னும் அமைதியாகப் பேசின.

ஆனால் இந்த அமைதிக்கு விலை உண்டு. ஹைப்பாயிட் பற்கள் உருளுவதோடு ஒன்றன்மேல் ஒன்று கடுமையாக உரசவும் செய்யும். சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த தனி எண்ணெய் வேண்டும். எண்ணெய் குறைந்து ஓடிய ஹைப்பாயிட் அச்சு வெகு சீக்கிரம் கெடும்.

பெழோ கம்பெனி நெடுங்காலம் வேறு வழியில் போனது. 203, 403, 404 எல்லாவற்றிலும் புழு வடிவத் திருகும் வெண்கலச் சக்கரமும்தான். சத்தமே இராது. கந்தகம் சேர்ந்த எண்ணெய் வெண்கலத்தை அரிக்கும் என்பதால் ஆமணக்கெண்ணெய் சார்ந்த எண்ணெய் ஊற்றினார்கள். நம் பாட்டிமார் வயிறு கழுவக் கொடுத்த அதே ஆமணக்குதான். மென்மையான அச்சு என்று நினைத்துவிட வேண்டாம். 404 கார் சஃபாரி ராலியை 1963, 1966, 1967, 1968 என்று நான்கு முறை வென்றது. 1968இல் வந்த 504 மாடலில்தான் ஹைப்பாயிட்டுக்கு மாறினார்கள். மருமகன் வண்டியில் இருப்பதும் அதுவே.

இனி அவன் கேள்விக்கு வருவோம். அங்கே ஒரு பட்டறையில் "பழுது பார்க்க வேண்டாம், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய அச்சு கிடைக்கும், மாற்றிவிடலாம்" என்றார்களாம். சுலபமான பேச்சுதான். ஆனால் கழற்றிய அச்சு எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, அதன் பல் எண்ணிக்கை இவன் வண்டிக்குப் பொருந்துமா, எதுவும் தெரியாது. ஒரு பாட்டை விற்று இன்னொரு பாட்டை வாங்கிய கதையாகலாம்.

"முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேள்" என்றேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும், காலை எடுத்தால் வேறு மாதிரியும் பாடினால் குற்றம் பற்களில். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பேரிங்காக இருக்கலாம். வளைவில் மட்டும் கேட்டால் உள்ளே இருக்கும் சிறு சக்கரங்களையோ, வெளியே சக்கரத்தின் பேரிங்கையோ பார்க்க வேண்டும். கிளம்பும்போது 'டக்' என்றால் எங்கோ இடைவெளி கூடியிருக்கிறது. இதற்கெல்லாம் முன்பு டயரைப் பார், எண்ணெய் மட்டத்தைப் பார்.

இரண்டாவது செய்திதான் முக்கியம். கிரௌனும் பினியனும் பிறக்கும்போதே ஜோடி. தொழிற்சாலையில் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, ஒன்றின் பல்லுக்கு மற்றதன் பல்லைத் தேய்த்துப் பதப்படுத்துவார்கள். பிறகு இரண்டிலும் ஒரே ஜோடி எண்ணைப் பொறிப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சத்தம் போகாது, கூடத்தான் செய்யும். பழைய ஜோடியே நல்லபடி இருந்து பேரிங் மட்டும் மாற்றினாலும், பினியன் முன்பு நின்ற ஆழத்திலேயே நிற்க வேண்டும். அதற்கு வைக்கும் ஷிம் தகட்டின் கனம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் பார்க்கப்படும். பல்லில் வர்ணம் பூசிச் சுழற்றி, தடம் நடுவில் விழுகிறதா, ஓரத்தில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். பொறுமை உள்ளவன் செய்யும் வேலை.

பயல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தான். காலை எடுத்தாலும் சத்தம் மாறவில்லை. வேறொரு வயதான மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துத் திறந்து பார்த்ததில் பினியன் பேரிங் பொரிந்துபோயிருந்தது. பற்கள் நன்றாக இருந்தன. ஜோடி எண்ணும் ஒன்றே. பேரிங் மாற்றி, ஆழம் அளந்து, மூடினார். முனகல் முக்கால்வாசி அடங்கிவிட்டது. மீதி கால்வாசி வயதின் சத்தம், அது இருக்கட்டும் என்று எழுதினேன்.

இனி அந்தக் கிறுக்கின் காரணம்.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு கார் இருந்தது. பின் அச்சில் சத்தம் என்று டிரைவர் இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். வண்டி பட்டறைக்குப் போய்த் திரும்பியது. சத்தம் முன்னைவிட அதிகம். சில மாதத்தில் நடுவழியில் பல் உடைந்து நின்றுவிட்டது. எண்ணெய் பார்க்காமல் ஓட்டிய அலட்சியம் என்று முடிவாகி, செலவில் ஒரு பகுதியை டிரைவர் சம்பளத்தில் பன்னிரண்டு தவணையாகப் பிடிக்க உத்தரவானது. அதற்கான குறிப்பை எழுதியவன் நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள்.

அவர் என் மேசைக்கு வந்து சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. "ஐயா, பினியன் மட்டும் புதுசு போட்டாங்க. கிரௌன் பழசு. நம்பர் ரெண்டும் வேற வேற. திறந்து பாக்கச் சொல்லுங்கய்யா." பில்லில் 'பினியன் 1' என்றுதான் இருந்தது. நானே அதைச் சரிபார்த்து இனிஷியல் போட்டிருந்தேன். ஆனால் அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்று புரியவில்லை. புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. "மேலே முடிவாயிடுச்சு, நான் என்ன செய்யறது" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சில வருடம் கழித்து ஒரு பழைய பிரெஞ்சு இதழைப் புரட்டும்போது ஜோடி எண் பற்றிய பத்தி கண்ணில் பட்டது. அதற்குள் பன்னிரண்டு தவணையும் பிடித்து முடித்து, அவர் ஓய்வும் பெற்று ஊரோடு போய்விட்டார். விசாரித்துக்கொண்டு போனபோது வீட்டில் படம்தான் மாட்டியிருந்தது. அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவரு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு" என்றார் அந்த அம்மாள். காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மருமகன் போன வாரம் புதிய ஒலிப்பதிவு அனுப்பினான். "மாமா, இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தான். நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதே, அடுத்த முறை வரும்போது கொண்டு வா என்றும் எழுதியிருக்கிறேன்.