அந்த ஐந்து மதிப்பெண் கேள்வி



மாட்டுப் பொங்கலன்று என் பழைய மாணவர்கள் இருவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருவர் ஐதராபாத்தில் ஒரு விதை நிறுவனத்தில் நல்ல பதவியில் இருக்கிறார். இன்னொருவர் நன்னிலம் பக்கம் ரசாயன உரம் போடாமல் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் நடுகிறார். காபி வருவதற்குள் பேச்சு மரபணுத் திருத்தம் செய்த நெல்லுக்குப் போய்விட்டது. 2025 மே மாதம் மத்திய அரசு அப்படி இரண்டு ரகங்களை அறிவித்ததே, அதைப் பற்றித்தான். "சார், 1961-ல் நாட்டில் 44 கோடிப் பேர், இன்றைக்கு 140 கோடி. பழைய நெல்லை வைத்துக்கொண்டு யாருக்குச் சோறு போடுவது?" என்றார் ஒருவர். "விதை நம் கையை விட்டுப் போன பிறகு சோறு யார் கொடுத்தால் என்ன, பிச்சைதானே சார்?" என்றார் மற்றவர். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வகுப்பில் நான் தீர்ப்புச் சொல்லிப் பழக்கிவிட்டேன்.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நீளம், அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் சொல்லப் போவது 1968-ஆம் ஆண்டின் கதை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா பன்னிரண்டு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார்.

அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைச் சொல்லாமல் 1968 புரியாது. 1965-லும் 1966-லும் வடக்கே மழை பொய்த்துப் பீகாரில் பஞ்சம் வந்தது. அமெரிக்கக் கப்பல் கோதுமையை இறக்கினால்தான் ரேஷன் கடை திறக்கும் என்கிற நிலை. வியட்நாம் போரைப் பற்றி நம் அரசு ஒரு வார்த்தை பேசினால் கப்பல் தாமதமாகும். தமிழ்நாட்டில் 1967 தேர்தலே அரிசியை வைத்துத்தான் நடந்தது. ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதியை அந்த வயதில் கேட்டவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் நெல் விளைந்தும், குத்தகை அளந்துவிட்டு மிஞ்சியதில் ஐப்பசி கார்த்திகையில் ஒரு வேளை கஞ்சிதான்.

அந்த நேரத்தில் மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். எதிர்ப்புகளைத் தாண்டி, 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை இறக்குமதி செய்தார். அவருக்கு அறிவியல் பலமாக நின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். குட்டை ரகம் என்பதன் சூட்சுமம் எளிது. நம் பழைய பயிர் உயரமாக வளரும். உரம் அதிகம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். குட்டைப் பயிர் சாயாது, போட்ட உரம் மணியாக மாறும். அதனால் அந்த விதை தனியாக வராது. உரம், காலத்தில் தண்ணீர், பூச்சி மருந்து, கடன் எல்லாம் கூடவே வரும். தஞ்சாவூர் ஜில்லாவில் 1960-லேயே தொடங்கிய திட்டத்துக்குப் பேக்கேஜ் திட்டம் என்றே பெயர்.

நம் பக்கம் வந்தது ஆடுதுறை 27. ஜப்பான் நெல்லையும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டி உருவாக்கியது. மூன்றரை மாதத்தில் அறுப்பு. பின்னாலேயே பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 வந்தது. அப்பா முதலில் தயங்கினார். பக்கத்து வயலில் கண்டுமுதல் பார்த்த பிறகு அடுத்த குறுவைக்கே மாறினார். ஐ.ஆர்.8 சோறு ருசிக்காது. வைக்கோல் குட்டை, கூரைக்கு உதவாது. ஆனால் பத்தாயம் நிறைந்தது. அந்த வருஷம் ஐப்பசியில் நாங்கள் கஞ்சி குடிக்கவில்லை. பசுமைப் புரட்சியைத் திட்டுகிற பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நிறைந்த பத்தாயத்தை நான் கண்ணால் பார்த்தவன்.

இப்போது 1968-க்கு வருவோம். அந்த ஆண்டின் தேதிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜனவரி 4. வாரணாசியில் இந்திய அறிவியல் மாநாடு. பேசியவர் சுவாமிநாதன். மண் வளத்தைக் காக்காமல் தீவிரச் சாகுபடி செய்தால் நிலம் பாலையாகும், வடிகால் இல்லாமல் பாசனம் செய்தால் நிலம் உவர்க்கும், பூச்சிக்கொல்லியைக் கண்டபடி தெளித்தால் விஷம் தானியத்திலேயே தங்கும், ஊருக்கு ஊர் இருந்த பலவகை ரகங்களை அழித்து ஒன்றிரண்டு ரகத்தையே எங்கும் நட்டால் ஒரே நோயில் எல்லாம் போகும் என்று எச்சரித்தார். இதைச் சொன்னவர் அந்தப் புரட்சிக்கு எதிரி அல்லர், அதை நடத்தியவர்.

மார்ச் 8. வாஷிங்டனில் வில்லியம் காட் என்ற அமெரிக்க உதவி நிறுவனத் தலைவர் 'பசுமைப் புரட்சி' என்ற பெயரை உச்சரித்தார். அதாவது பெயர் வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது.

அந்தக் கோடையில் கோதுமை அறுவடை சுமார் 165 லட்சம் டன். அதற்கு முந்தைய உச்சம் 123 லட்சம்தான். பஞ்சாபில் வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களில் மூட்டைகளை அடுக்கினார்கள். ஜூலையில் இந்திரா காந்தி கோதுமைப் புரட்சிக்குத் தபால் தலை வெளியிட்டார்.

டிசம்பர் 25, இரவு. நம் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட, செங்கொடி ஏற்றிய தலித் விவசாயத் தொழிலாளர்களின் தெருவில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வெண்மணிக்கு வேர் சாதியும் நிலவுடைமையும். அதை விதையின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் விளைச்சல் கூடியபோது, கூடிய நெல்லில் தங்களுக்கு என்ன பங்கு என்று அறுத்தவர்கள் கேட்டார்கள். இருபோகத்துக்கு ஆள் அவசரமாகத் தேவைப்பட்டதால் கேட்கிற தைரியமும் வந்தது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். பேக்கேஜில் எல்லாம் இருந்தது, கூலி மட்டும் இல்லை. நியாயக் கூலிச் சட்டம் 1969-ல்தான் வந்தது. வழக்கில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் பிறகு விடுதலை செய்தது.

பத்தாயம், எச்சரிக்கை, தபால் தலை, தீ. நான்கும் ஒரே ஆண்டில் நடந்தவை.

அடுத்து வந்தது எண்ட்ரின். மண்டை ஓடு படம் போட்ட அந்த டப்பாவை நானே தோளில் சுமந்திருக்கிறேன். தெளித்த மறுநாள் வாய்க்காலில் கெண்டையும் குறவையும் மல்லாந்து மிதக்கும். வயல் நண்டும் நத்தையும் போயின. கூலி வேலை செய்கிறவர்கள் வீட்டில் அதுதான் கறி. எழுபதுகளில் புகையான் வந்தது. புகையானைத் தின்கிற சிலந்தியை மருந்து கொன்றது, புகையான் பெருகியது, மேலும் மருந்து தெளித்தோம். இந்தோனேசியா இதைக் கண்டுகொண்டு 1986-ல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. நாம் டப்பாவின் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

இந்தக் கதை அப்படியே பருத்தியில் திரும்பியது. பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. அதன் ஒரு மரபணுவைப் பருத்திக்குள் வைத்தால், செடியைக் கடிக்கிற காய்ப்புழு சாகும். 2002 மார்ச்சில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 2002-03-ல் 136 லட்சம் பேல் இருந்த பருத்தி 2013-14-ல் 398 லட்சம் பேல் ஆனது. காய்ப்புழு மருந்து குறைந்தது உண்மை. பத்தாயம் நிறைந்தது.

ஐதராபாத் தம்பி, இனி உனக்கு. அந்த வளர்ச்சியில் குஜராத்தின் புதிய பாசனத்துக்கும் புதிய மருந்துகளுக்கும் பங்கு உண்டு. விதைப் பொட்டலத்தில் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் வைத்தார்கள். அதை ஓரத்தில் விதைத்தால் புழுவுக்கு எதிர்ப்புச் சக்தி வருவது தாமதமாகும். இரண்டு ஏக்கர்காரன் தன் நிலத்தில் ஒரு பகுதியைப் புழுவுக்கு விடுவானா? பெரும்பாலோர் விதைக்கவில்லை. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த மரபணுவை வென்றுவிட்டது என்று 2010-ல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு மரபணு வைத்த அடுத்த ரகத்தையும் அது பிறகு வென்றது. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் சுமார் 20 பேர் இறந்தார்கள். மருந்தைக் குறைக்க வந்த செடியின் வயலில்தான் அந்தச் சாவு. 1968 ஜனவரியில் சொன்னதைக் கேட்காததன் விலை இது.

நன்னிலம் தம்பி, உனக்கும் உண்டு. மரபணு மாற்றிய விதை முளைக்காது என்று நீ அன்று சொன்னாய். முளைக்காத விதைக்கான காப்புரிமை 1998-ல் அமெரிக்காவில் பதிவானது உண்மை. ஆனால் அது எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. பி.டி. பருத்தியை ஆண்டுதோறும் வாங்க வேண்டியிருப்பது அது வீரிய ஒட்டு விதை என்பதால். எடுத்து வைத்து விதைத்தால் முளைக்கும், ஆனால் ஒரே சீராக வராது. விதையைக் கையை விட்டுப் போகச் செய்ததில் மரபணுவைவிட வியாபார ஏற்பாட்டுக்குப் பங்கு அதிகம். ஒரு பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றதை, 2006-ல் ஆந்திர அரசு வழக்குப் போட்ட பிறகு 750 ஆகக் குறைத்தார்கள். அரசு தலையிட்டால் விலை குறையும் என்பதும் இதில் பாடம். இன்னொன்று, நீங்கள் இயற்கை வேளாண்மையில் தெளிக்கிற பி.டி. கரைசலும் அதே பாக்டீரியாதான். அதனால் எதிர்க்கும்போது எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்து எதிர்க்க வேண்டும்.

கத்திரிக்காய் விஷயத்தில் ஒருமுறை நாடு சரியாக நடந்துகொண்டது என்று நினைக்கிறேன். 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு பி.டி. கத்திரிக்குச் சரி சொன்னது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் உடனே கையெழுத்துப் போடாமல் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கேட்டார். விவசாயிகளும் விஞ்ஞானிகளும் ஒரே அரங்கில் கத்தினார்கள். 2010 பிப்ரவரி 9-ல் நிறுத்தி வைத்தார். வங்கதேசம் 2013-ல் அனுமதித்தது, அங்கே விளைகிறது. எது சரி என்பதில் இன்றும் வாதம் உண்டு. ஆனால் விவசாயியைக் கேட்டுவிட்டு முடிவெடுத்தது எனக்குப் பிடித்தது. 1966-ல் என் அப்பாவை யாரும் கேட்கவில்லை. அறுத்தவர்களை யாருமே கேட்கவில்லை.

இனி என் தவறு. 1987 அரையாண்டுத் தேர்வு, பத்தாம் வகுப்பு. "பசுமைப் புரட்சியின் நன்மைகள் யாவை?" ஐந்து மதிப்பெண். ஐந்து பாயிண்ட் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். எல்லோரும் அதையே எழுதினார்கள். காலனித் தெருவிலிருந்து வந்த ஒரு மாணவி மூன்று பாயிண்ட் எழுதிவிட்டு அதற்குக் கீழே, விளைச்சல் கூடியது, பாட்டிக்குக் கூலி கூடவில்லை, பாட்டி நத்தை பொறுக்கிய வயலில் இப்போது நத்தை இல்லை என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் 'தேவையற்றது' என்று எழுதி, மூன்று மதிப்பெண் போட்டேன். அவள் எழுந்து ஒன்றும் கேட்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எண்ட்ரின் டப்பா சுமந்தவன் நான். செத்த கெண்டையைப் பார்த்தவன். அவள் எழுதியது உண்மை என்று எனக்குத் தெரியும். புத்தகத்தில் இல்லை என்பதற்காக அடித்தேன்.

அதனால் தம்பிகளே, நீங்கள் கேட்ட தீர்ப்பை நான் தரப் போவதில்லை. புதிய விதை வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். விதை யார் கையில் இருக்கும்? எது செத்தால் இது விளையும்? பூச்சி இதை வென்ற பிறகு என்ன திட்டம்? கூடுகிற விளைச்சலில் அறுக்கிறவருக்கு என்ன? பதில் நன்றாக இருந்தால் ஆய்வகத்தில் பிறந்தது என்பதற்காகத் தள்ளாதீர்கள். பதில் இல்லையென்றால் விஞ்ஞானம் என்ற சொல்லுக்குப் பயந்து வாய் மூடாதீர்கள்.

1987 தொகுதியில் படித்தவர்கள் யாராவது அந்த மாணவியைப் பற்றி அறிந்திருந்தால், இந்தப் பதிவை அவளுக்குக் காட்டுங்கள். பெயர் எழுத வேண்டாம், அவளுக்கே தெரியும். அந்தத் தாளுக்கு ஐந்துக்கு ஐந்து. முப்பத்தெட்டு ஆண்டு தாமதம், மன்னிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்