நெப்டியூனும் வல்கனும்: இருந்த கோள், இல்லாத கோள்

1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்துக்குப் பாரிஸிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. எழுதியவர் பிரெஞ்சு வானியலாளர் உர்பேன் லெ வெரியே. வானத்தில் இன்ன இடத்தில் பாருங்கள், இதுவரை யாரும் அறியாத கோள் ஒன்று அங்கே இருக்கும் என்று அங்கிருந்த வானியலாளர் யோகான் காலேயைக் கேட்டிருந்தார். அன்றிரவே காலே தொலைநோக்கியைத் திருப்பினார். டாரஸ்ட் என்ற இளைஞர் புதிதாக அச்சான விண்மீன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ள, காலே கண்ணில் பட்ட புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு புள்ளியைச் சொன்னதும், அது வரைபடத்தில் இல்லை என்றார் டாரஸ்ட். லெ வெரியே குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைகூட விலகாமல் நெப்டியூன் அகப்பட்டுவிட்டது.

13 ஆண்டுகள் கழித்து, அதே மனிதர் அதே முறையில் இன்னொரு கோளைக் கணக்கிட்டார். அதற்கும் பெயர் வைத்தாயிற்று: வல்கன். அந்தக் கோள் இல்லை. அன்றும் இல்லை, அதற்கு முன்பும் இருந்ததில்லை.

இல்லாத ஒன்றைப் பற்றி நினைக்கவோ பேசவோ முடியுமா? பண்டைய கிரேக்கரான பார்மெனிடீஸ் காலம் முதல் தத்துவவாதிகளை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி இது. நினைப்பு என்றால் ஏதோ ஒன்றைப் பற்றிய நினைப்பு. அந்த ஒன்றே இல்லையென்றால் நினைப்பு எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? இதற்கு நம் மரபில் வழக்கமாகக் காட்டும் உதாரணங்கள் முயற்கொம்பு, ஆகாயத்தாமரை, மலடி மகன். மேலை நாட்டார் சிறகுள்ள குதிரையைச் சொல்வார்கள். இவற்றில் ஒரு குறை உண்டு. முயலுக்குக் கொம்பில்லை என்று தெரிந்துகொண்டேதான் முயற்கொம்பு என்கிறோம். அதைத் தேடி யாரும் காட்டுக்குப் போனதில்லை. இருக்கிறது என்று முழு மனதாக நம்பி, கணக்குப் போட்டு, காசு செலவழித்துத் தேடி, கடைசியில் இல்லையென்று ஆன ஒன்றை எடுத்துக்கொண்டால்தான் கேள்வியின் கனம் தெரியும். அதற்கு வல்கனைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க நெப்டியூனும் இருக்கிறது.

1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், கணக்குக்குக் கட்டுப்படாத கோளாக இருந்தது. வியாழன், சனி ஆகியவற்றின் ஈர்ப்பையும் சேர்த்து 1821இல் அலெக்சி பூவார் வெளியிட்ட அட்டவணையே சில ஆண்டுகளில் பிசகத் தொடங்கியது. தெரியாத ஏதோ ஒன்று அதை இழுக்கிறது என்ற சந்தேகம் எழுந்தது. கோள் தெரிந்தால் அதன் இழுப்பைக் கணக்கிடுவது வானியலாளரின் வழக்கமான வேலை. லெ வெரியே தலைகீழாகப் போனார்: இழுப்பிலிருந்து இழுக்கும் பொருளுக்கு. இங்கிலாந்தில் ஜான் ஆடம்ஸும் தனியாக இதே கணக்கைப் போட்டிருந்தார்.

புதன் கோளிலும் இப்படியொரு பிசகு இருந்தது. அது சூரியனைச் சுற்றும் நீள்வட்டமே மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மற்றக் கோள்களின் ஈர்ப்பை எல்லாம் கழித்த பிறகும், நூற்றாண்டுக்கு 38 விகலை மிஞ்சுகிறது என்று 1859இல் லெ வெரியே காட்டினார். (இன்றைய மதிப்பு 43. ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு.) இம்மியளவுதான், ஆனால் நியூட்டனின் விதியில் இம்மிக்கும் இடமில்லை. யுரேனஸுக்கு அப்பால் ஒரு கோளை வைத்துப் பார்த்ததைப் போலவே, புதனுக்கு இப்பால், சூரியனுக்கு நெருக்கமாக, ஒரு கோளையோ சிறு பொருள்களின் கூட்டத்தையோ வைத்துப் பார்த்தார். கணக்கு சரியாக வந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில், ஓர்ஷேர் என்ற சிற்றூரிலிருந்து லெஸ்கர்போ என்ற மருத்துவர் அவருக்கு எழுதினார். மார்ச் 26 அன்று ஒரு சிறிய கரும்புள்ளி சூரியனின் முகத்தைக் கடந்து போனதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். லெ வெரியே முன்னறிவிப்பில்லாமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, குறுக்கு விசாரணையே நடத்தினார். அக்காலத்து வர்ணனைகளைப் படித்தால் அந்த மருத்துவர்மேல் மரியாதை வருகிறது. அவருடைய கடிகாரத்தில் நொடிமுள் கிடையாது. நொடிகளை எண்ண, பட்டு நூலில் தந்த உருண்டை ஒன்றைக் கட்டி ஊசலாக ஆடவிட்டிருந்தார். கணக்குகளை மரப்பலகையில் எழுதுவார். இடம் தீர்ந்தால் பலகையை இழைத்துவிட்டு மறுபடி எழுதுவார். லெ வெரியேவுக்கு நம்பிக்கை பிறந்தது. சில வாரங்களில் லெஸ்கர்போவுக்கு பிரான்ஸின் லெஜியன் தோனர் விருது கிடைத்தது. வல்கன் சூரியனை 20 நாளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் சுற்றும் என்பது வரை கணக்கு முடிந்தது. லெஸ்கர்போ புள்ளியைக் கண்ட அதே நேரத்தில் பிரேசிலில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த வானியலாளர் எம்மானுவேல் லியே, அப்படி எந்தப் புள்ளியும் தென்படவில்லை என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். 1846 ஆகஸ்டில் லெ வெரியேவின் மனத்தில் இருந்த நெப்டியூனுக்கு ஒரு நிறை, ஒரு தூரம், ஒரு சுற்றுக்காலம், தேட வேண்டிய இடம் எல்லாம் உண்டு. கண்ணால் கண்டவர் என்று யாரும் இல்லை. 1860 ஜனவரியில் அவர் மனத்தில் இருந்த வல்கனுக்கும் அவை எல்லாம் உண்டு. கண்ணால் கண்ட சாட்சியும் ஒருவர் உண்டு. சான்றைத் தராசில் வைத்தால் வல்கன் பக்கம் ஒரு பிடி தாழ்ந்தே இருந்திருக்கும். ஆகவே எண்ணத்தை மட்டும் எவ்வளவு கூர்ந்து சோதித்தாலும் இதில் எது உண்மையான கோளைப் பற்றியது, எது வெறுமையைப் பற்றியது என்று பிரிக்க முடியாது. உள்ளது, இல்லது என்ற வேறுபாடு முழுக்க வானத்தில் இருந்தது. இல்லாததை நினைப்பது ஏதோ அரைகுறையான, கனவு போன்ற நினைப்பு என்று பார்மெனிடீஸ் வழியில் ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

மணிமேகலையில் வஞ்சி நகரில் மணிமேகலை கேட்கும் அளவைவாதி, அறிவின் பிழைகள் எட்டை வரிசைப்படுத்துகிறான். அதில் ஒன்று இல்வழக்கு. முயற்கொம்பைப் போன்ற ஒன்று, சொல்லை மட்டுமே பிடித்துக்கொண்டு கருத்தில் தோன்றுவது என்கிறான். முயற்கொம்புக்கு இது அப்படியே பொருந்தும். வல்கனுக்குப் பொருந்தாது. வல்கன் சொல்லிலிருந்து தோன்றவில்லை. புதனின் உண்மையான நகர்விலிருந்து தோன்றியது. பெயர் பின்னால்தான் வந்தது. இல்லாதவற்றுக்குள்ளேயே இப்படி இரண்டு வகை இருப்பதை நம் பழைய உதாரணங்கள் மறைத்துவிடுகின்றன.

மேலைத் தத்துவம் இந்தச் சிக்கலை இரண்டு திசையில் இழுத்தது. 1904இல் கிராட்ஸ் நகரத்து மைனோங், இல்லாத பொருளுக்கும் தன்மைகள் உண்டு, அதைப் பற்றி உண்மையாகப் பேசலாம் என்றார். மறு ஆண்டே பெர்ட்ரண்ட் ரஸல் அதை மறுத்து வேறு வழி காட்டினார். பெயரைப் பிரித்து ஒரு வர்ணனையாக்கிவிடு என்பது அந்த வழியின் சாரம். 'வல்கன் இல்லை' என்றால், வல்கன் என்ற ஒன்றை எடுத்து அதற்கு இருப்பு கிடையாது என்று சொல்வதாகாது. புதனுக்கு இப்பால் சுற்றி அதன் பாதையைத் திருப்பும் கோள் எதுவும் உலகில் இல்லை என்று சொல்வதாகும். பேச்சு முழுவதும் இருக்கும் உலகத்தைப் பற்றியே. நியாய மரபினரும் முயற்கொம்பை இப்படித்தான் பிரித்தார்கள்: முயல் உண்டு, கொம்பு உண்டு, முயலின் தலையில் கொம்பு இல்லை.

மறுப்பு வாக்கியங்களுக்கு ரஸலின் வழி எனக்கு முழு நிறைவைத் தருகிறது. மைனோங்கின் இல்லாத பொருள்களுக்கென்று தனியொரு கிடங்கு கட்ட வேண்டியதில்லை. ஆனால் ரஸலின் வழியை நெப்டியூன் பக்கம் திருப்பினால் அடி வாங்குகிறது.

காரணம் இதுதான். லெ வெரியே கணக்கிட்ட நெப்டியூன், சூரியனிலிருந்து பூமியின் தூரத்தைப் போல் 36 மடங்கு தொலைவில் இருந்து 217 ஆண்டுகளில் ஒரு சுற்று வரும். உண்மை நெப்டியூன் இருப்பது 30 மடங்கு தொலைவில். சுற்ற ஆகும் காலம் 165 ஆண்டுகள். அந்தச் சில ஆண்டுகளில் இரு பாதைகளும் வானத்தில் ஏறத்தாழ ஒரே திசையில் அமைந்ததால் காலே தேடிய இடத்தில் கோள் இருந்தது. இது கணிப்பில் கண்ட கோள் அல்ல, தற்செயல் என்றே அமெரிக்கக் கணிதர் பெஞ்சமின் பியர்ஸ் வாதிட்டார். வர்ணனையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், அதற்குப் பொருந்தும் கோள் வானத்தில் கிடையாது; நெப்டியூனும் வல்கனைப் போலவே இல்லாத கோள்தான். அப்படி யாரும் சொல்வதில்லை. சொல்லாதது சரி என்பது என் கருத்து. லெ வெரியே நெப்டியூனைப் பற்றித்தான் நினைத்தார், அதைப் பற்றிச் சிலதைத் தவறாக நினைத்தார், அவ்வளவே.

அவர் எண்ணத்தை அந்தக் கோளோடு கட்டியது எது? நெப்டியூன் யுரேனஸை இழுத்தது; இழுப்பு யுரேனஸின் இடத்தை மாற்றியது; மாறிய இடம் அட்டவணையில் பிசகாகத் தெரிந்தது; பிசகு லெ வெரியேவின் கணக்கில் புகுந்தது. கோளிலிருந்து பாரிஸில் இருந்த அவர் மேசை வரை அறுபடாத ஒரு தொடர்பு. எண்கள் பிசகியபோதும் அந்தத் தொடர்பு அறவில்லை. பேச்சுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை வர்ணனையில் தேடாமல் இத்தகைய தொடர்பில் தேட வேண்டும் என்று 1970களில் சோல் கிரிப்கி போன்ற தத்துவவாதிகள் சொன்னதற்கு நெப்டியூன் நல்ல சாட்சி.

வல்கன் இங்கேதான் மீண்டும் குறுக்கே நிற்கிறது. புதனின் 43 விகலைக்கும் உண்மையான காரணம் ஒன்று உண்டு. 1915 நவம்பர் 18 அன்று பெர்லினில் ஐன்ஸ்டைன் அதை முன்வைத்தார்: சூரியனின் நிறையால் அதைச் சுற்றியுள்ள காலவெளி வளைந்திருக்கிறது, எந்தப் புதுக் கோளையும் சேர்க்காமலே 43 விகலை கிடைக்கிறது. அப்படியென்றால் வளைவிலிருந்து புதனுக்கும், புதனிலிருந்து லெ வெரியேவுக்கும் அறுபடாத தொடர்பு இருந்தது. தொடர்பு மட்டுமே போதும் என்றால், அவர் 1859இலேயே காலவெளி வளைவைப் பற்றி நினைத்தார், அதைக் கோள் என்று தவறாகக் கருதினார் என்றாகும். அது அபத்தம். தூரம் ஐந்தில் ஒரு பங்கு பிசகினாலும் கோள் கோள்தான்; வளைவைக் கோள் என்று எண்ணுவதை அந்தப் பிசகோடு சேர்க்க முடியாது. தொடர்பும் வேண்டும், தொடர்பின் மறுமுனையில் இருப்பது நாம் நினைத்த வகையைச் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். நெப்டியூனில் இரண்டும் பொருந்தின. வல்கனில் முதலாவது மட்டும் பொருந்தியது.

ஆகவே லெ வெரியே வல்கனை நினைத்தபோது வெறுமையை நினைத்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதன் உண்டு, அதன் நகர்வு உண்டு, கோள் என்ற வகை உண்டு, இழுப்பு உண்டு. உண்மையான பொருள்களைக் கொண்டு கட்டிய எண்ணம் அது. கடைசியாகச் சேர்த்த இடத்தில்தான் உலகம் கூட வரவில்லை. அந்த எண்ணத்துக்கு உள்ளடக்கம் இருந்தது என்பதற்கு, அதைப் பொய்யென்று காட்ட முடிந்ததே போதுமான சான்று. 1878 ஜூலை 29 சூரிய கிரகணத்தின்போது வானியலாளர்கள் வாட்சனும் ஸ்விஃப்டும் அமெரிக்காவில் தனித்தனி இடங்களிலிருந்து அதைக் கண்டதாகச் சொன்னார்கள். இருவரும் சொன்ன இடங்கள் ஒத்துப்போகவில்லை. வாட்சன் விடவில்லை, பகலிலேயே சூரியனுக்கு அருகில் பார்ப்பதற்காக விஸ்கான்சினில் தன் சொந்தச் செலவில் நிலத்தடி வானாய்வகம் ஒன்றைக் கட்டத் தொடங்கி, அது முடியும் முன்பே 1880இல் இறந்தார். பின்னர் 1901, 1905, 1908 கிரகணங்களில் லிக் வானாய்வகத்தார் எடுத்த படங்களிலும் வல்கன் இல்லை. எங்கே, எவ்வளவு வெளிச்சத்தோடு இருக்க வேண்டும் என்று தெளிவாக நினைக்க முடிந்ததால்தான் அங்கே இல்லை என்று சொல்லவும் முடிந்தது. லெ வெரியே இதையெல்லாம் பார்க்கவில்லை. வல்கனை நம்பியபடியே 1877 செப்டம்பர் 23 அன்று, நெப்டியூன் அகப்பட்ட அதே தேதியில், காலமானார்.

இதே நிலையில் இன்றும் ஒரு பெயர் புழக்கத்தில் இருக்கிறது. நெப்டியூனுக்கு வெகு அப்பால் சுற்றும் சில சிறு பொருள்களின் பாதைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்டு, பட்டிகின், பிரவுன் என்ற கால்டெக் வானியலாளர்கள் 2016இல் ஒன்பதாம் கோள் ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். பூமியைப் போல் சுமார் 10 மடங்கு நிறை, ஒரு சுற்றுக்கு 10,000 முதல் 20,000 ஆண்டுகள். அந்தச் சாய்வே நாம் தேடும் விதத்தால் வந்த தோற்றம் என்று வாதிடுவோரும் உண்டு. அந்தக் கோளைப் பற்றி இன்று எழுதப்படும் வாக்கியங்களுக்குப் பொருள் இருக்கிறது, படிப்பவருக்குப் புரிகிறது, தொலைநோக்கிகள் அவற்றை நம்பி வானத்தைத் துழாவுகின்றன. அவை நெப்டியூனைப் போன்ற ஒன்றைப் பேசுகின்றனவா, வல்கனைப் போன்ற ஒன்றையா என்பது எழுதுகிறவர்களுக்கே இன்னும் தெரியாது. சிலியில் வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்துவரும் வேரா ரூபின் வானாய்வகத்தின் படங்களில் அதற்கு விடை இருக்கலாம்.