கீழாநெல்லியும் ஒரு துளி இரத்தமும்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டித் திருப்புட்குழி என்னும் ஊர் இருக்கிறது. 'புள்' என்றால் பறவை. சடாயு என்ற பறவை அரசனுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்று தலபுராணம் கூறும். விசயராகவப் பெருமாள் கோயிலைக் காண வருவோர் பலர். ஆனால் இன்று நாம் காணப்போவது கோயிலை அன்று. மழை பெய்து ஓய்ந்த பின், இவ்வூரைப் போன்ற எந்தச் சிற்றூரின் வரப்பிலும் தானாக முளைத்து நிற்கும் ஒரு சிறு செடியைத்தான். இலைக்காம்பின் அடியில் கடுகைவிடச் சற்றே பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். அதுவே கீழாநெல்லி.

"காமாலைக்கு என்ன மருந்து?" என்று உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். "கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடி, உப்பைக் குறை" என்பார். அப்படிக் குடித்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் எழுந்து நடமாடியும் இருப்பார்கள். அப்படியானால் அவர்களைக் குணப்படுத்தியது கீழாநெல்லிதானா? இக்கேள்விக்கு விடை தேடிய கதை சென்னைக்கும் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கும் இடையே நடந்தது. அதை அறிந்துகொள்வது நம் உயிரைக் காக்கவும் உதவும்.

காமாலை நோயா, அறிகுறியா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். காமாலை என்பது நோய் அன்று, நோயின் அறிகுறி. நம் உடலில் பழைய இரத்தச் சிவப்பணுக்கள் நாள்தோறும் அழிகின்றன. அவற்றிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடும. கல்லீரல் பழுதுபட்டால் அப்பொருள் இரத்தத்திலேயே தேங்கும். அப்போது கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன.

கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் ஐந்து முக்கியமானவை. அவற்றை ஏ, பி, சி, டி, ஈ என்று எழுத்துகளால் குறிப்பர். ஏ, ஈ ஆகியவை அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுகின்றன; பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடுகின்றன. பி, சி இரண்டும் இரத்தத்தின் வழியே பரவுகின்றன. இவை உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடக் கூடியவை. டி வைரஸ், பி உள்ளவரை மட்டுமே தொற்றும்.

வளர்ந்தவர் ஒருவருக்குப் பி வைரஸ் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடலின் எதிர்ப்பாற்றலே அதை வென்றுவிடும். இங்கேதான் நம் சிக்கல் இருக்கிறது. தானே ஆறக்கூடிய நோய்க்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அந்த மருந்துக்குப் புகழ் வந்துவிடும் அல்லவா? பச்சிலை கொடுத்தவர், மந்திரித்தவர், ஒன்றும் கொடுக்காமல் ஓய்வெடுக்கச் சொன்னவர் ஆகிய எல்லோருக்கும் ஒரே வெற்றிதான் கிடைக்கும்.

இதனினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பிறக்கும்போது தாயிடமிருந்து பி வைரஸைப் பெறும் குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேரிடம் அது நிலைத்துவிடுகிறது. அக்குழந்தைக்குக் காமாலை வருவதில்லை. கண் மஞ்சளாவதில்லை. பள்ளிக்குப் போகும், வேலைக்குப் போகும், மணம் செய்துகொள்ளும். இப்படி வைரஸைச் சுமந்து வாழ்பவரை 'வைரஸ் தாங்கி' என்பர். நாட்பட்ட தொற்றுள்ள பெரியவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குப் பிற்காலத்தில் கல்லீரல் சுருங்கி இறுகிவிடுகிறது அல்லது அதில் புற்றுநோய் தோன்றுகிறது. கண்ணைப் பார்த்து நோயை அறியும் வழக்கத்தால் இவர்களைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆஸ்திரேலியரின் இரத்தத்தில் ஒரு கோடு

கண்ணுக்குத் தெரியாத இவ்வைரஸைக் காட்டிக்கொடுத்தவர், அதைத் தேடிப் போனவர் அல்லர் என்பது வியப்பான செய்தி. பாருக் பிளம்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் பல நாட்டு மக்களின் இரத்தப் புரதங்களில் உள்ள வேறுபாடுகளை ஆராய்ந்து வந்தார். பலமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் உடலில் அயல் புரதங்களுக்கு எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கும் என்பது அவர் கருத்து. 1963இல் அவரும் ஹார்வி ஆல்டரும் நியூயார்க்கைச் சேர்ந்த ஓர் இரத்த ஒழுக்கு நோயாளியின் சீரத்தை வேறு பலரின் சீரங்களோடு வைத்துப் பார்த்தனர். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் சீரத்தோடு வைத்தபோது, இரண்டுக்கும் இடையே கூழ்த் தகட்டில் ஒரு மெல்லிய கோடு தோன்றியது. அக்கோட்டை உண்டாக்கிய புதிய பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்டனர்.

அது என்ன பொருள் என்று சில ஆண்டுகள் விளங்கவில்லை. 1966இல் அவர்கள் கவனித்து வந்த நோயாளி ஒருவரின் இரத்தத்தில் முன்பு இல்லாத ஆன்டிஜென் புதிதாகத் தோன்றியது. அதே சமயம் அவருக்குக் கல்லீரல் அழற்சியும் கண்டிருந்தது. அடுத்து 1967இல், ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த பார்பரா வெர்னர் என்பவர் உடல் சோர்வுற்றார். தம் இரத்தத்தைத் தாமே சோதித்தார், கோடு தெரிந்தது. பின்னர் அவருக்குக் காமாலை கண்டு, நலமும் பெற்றார். அந்தப் பொருள் கல்லீரல் அழற்சி வைரஸின் மேலுறை என்பது இவ்வாறு வெளிப்பட்டது. 1970இல் லண்டனில் டேவிட் டேன் முழு வைரஸையே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். பிளம்பர்க்குக்கு 1976இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இக்கண்டுபிடிப்பின் பயன் என்ன? ஒருவர் உடலில் வைரஸ் இருக்கிறதா, இல்லையா என்பதை முதல் முறையாக அளந்து சொல்ல முடிந்தது. "குணமாகிவிட்டது" என்ற சொல்லுக்கு இப்போது ஓர் உரைகல் கிடைத்தது.

சென்னையில் நடந்த சோதனை

அந்த உரைகல்லில் நம் பச்சிலையை உரசிப் பார்த்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து அறிவியலார். நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராசன் குழுவினர் 1982இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் சாறுகள் சோதனைக் குழாயில் பி வைரஸின் மேலுறை ஆன்டிஜெனைச் செயலிழக்கச் செய்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. 1987இல் பிளம்பர்க்கும் வெங்கடேசுவரன், மில்மன் ஆகியோரும் இதே பாதையில் சென்றனர். உட்சக் என்ற வட அமெரிக்கக் கொறிவிலங்கின் கல்லீரலை, பி வைரஸுக்கு உறவான ஒரு வைரஸ் தாக்குகிறது. கீழாநெல்லிச் சாறு அந்த வைரஸுக்கு எதிராகவும் வேலை செய்வதாக அவர்கள் கண்டனர்.

சோதனைக் குழாயும் விலங்கும் மனிதராகிவிடா. எனவே அடுத்த படி சென்னையில் நிகழ்ந்தது. பி வைரஸ் தாங்கிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடி 30 நாள் தரப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு மருந்துச் சத்து எதுவும் இல்லாத போலி மருந்து தரப்பட்டது. பின்னர் எல்லோருடைய இரத்தமும் சோதிக்கப்பட்டது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜென் மறைந்திருந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்திருந்தது. 1988இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இம்முடிவு வெளியானது. கட்டுரையாசிரியர்களுள் பிளம்பர்க்கும் ஒருவர்.

நூற்றுக்கு 59 பேர்! நம் வரப்பில் முளைக்கும் செடி உலகின் கவனத்தை ஈர்த்ததில் வியப்பென்ன?

மீண்டும் செய்து பார்

ஆனால் அறிவியலில் ஒரு முறை கிடைத்த விடை முடிவான விடை ஆகாது. வேறோர் ஊரில், வேறொருவர், அதே முறையில் செய்து பார்த்தாலும் அதே விடை வரவேண்டும். தாய்லாந்தில் செய்து பார்த்தனர். 1990இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. நியூசிலாந்திலும் செய்து பார்த்தனர்; பயன் தெரியவில்லை என்று 1994இல் அறிவித்தனர்.

ஏன் இந்த வேறுபாடு? செடி வளரும் மண்ணும் பருவமும் மாறினால் அதன் வேதிப் பொருள்களும் மாறலாம் என்றனர் சிலர். செடியின் பெயரிலேயே குழப்பம் இருந்ததும் உண்மை. நீண்ட காலம் 'பில்லாந்தஸ் நிரூரி' என்று குறிக்கப்பட்டு வந்த நம் நாட்டுச் செடி, உண்மையில் 'பில்லாந்தஸ் அமாரஸ்' என்னும் வேறோர் இனம் எனத் தாவரவியலார் பின்னர் தெளிவுபடுத்தினர். எனினும் காலம் செல்லச் செல்ல ஆய்வுகள் பெருகின. 2011இல் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 16 சோதனைகளையும் அவற்றில் பங்குகொண்ட 1326 நோயாளிகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தனர். நாட்பட்ட பி வைரஸ் தொற்றில், போலி மருந்தைவிடக் கீழாநெல்லி இனம் மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே அவர்கள் முடிவு.

இதைக் கேட்டுச் சிலர் வருந்தக்கூடும். வருந்த வேண்டியதில்லை. சென்னை அறிவியலார் நம் மரபை ஏளனம் செய்யவில்லை; கண்மூடி ஏற்கவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவு, அளந்து பார்க்க ஓர் ஆன்டிஜென், பிறர் சரிபார்க்க ஒரு கட்டுரை என்று சரியான கேள்வியைச் சரியான முறையில் கேட்டார்கள். அதனால்தான் பிறரால் விடையைத் திருத்த முடிந்தது.

தடுப்பூசியும் தேடிப் போகும் சோதனையும்

இதே காலத்தில் மற்றொரு பாதை உறுதியான பலன் தந்தது. அதுவே தடுப்பூசி. 1981இல் இரத்தத்திலிருந்து செய்யப்பட்ட தடுப்பூசியும், 1986இல் ஈஸ்ட் செல்களில் செய்யப்பட்ட தடுப்பூசியும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. தைவான் நாடு 1984இல் பச்சிளங் குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கியது. அங்கே 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளில், முன்பு ஆண்டுக்குப் பத்து இலட்சத்தில் 7 பேருக்குக் கண்ட கல்லீரல் புற்றுநோய், 1990-94 காலத்தில் 4 பேருக்கும் கீழாகக் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைத் தடுக்கும் என்பது இவ்வாறு மெய்யாயிற்று.

இந்தியாவில் 1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே இத்தடுப்பூசியைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனால் விலை வெகுவாக இறங்கியது. 2011இல் இது நாடு முழுவதும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அவ்வாண்டு திசம்பரில் ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியை முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும் ஆகும்.

ஆனால் தடுப்பூசி வருவதற்கு முன் பிறந்தவர்களின் நிலை என்ன? உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் இந்தியாவில் சுமார் 2 கோடியே 98 இலட்சம் பேர் பி வைரஸுடனும், 55 இலட்சம் பேர் சி வைரஸுடனும் வாழ்ந்தனர். மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியாது. நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் இவர்கள் வரமாட்டார்கள்; சோதனைதான் ஊருக்குள் செல்ல வேண்டும். எகிப்து நாடு இதைச் செய்து காட்டியது. 2018 அக்டோபரில் தொடங்கி ஏழு மாதங்களில் ஏறத்தாழ 5 கோடி மக்களைச் சி வைரஸுக்காகச் சோதித்து, நோய் கண்டவர்களுக்கு மருந்தும் வழங்கியது. மூன்று மாத மாத்திரைகளால் சி வைரஸ் நூற்றுக்கு 95 பேரிடம் அடியோடு நீங்கிவிடும்.

நம் நாட்டிலும் 2018 சூலை 28இல் தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பிளம்பர்க் பிறந்த நாளும் அதுவே. இத்திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். பி வைரஸை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் டெனோபோவிர் போன்ற மாத்திரைகள் அதை அடக்கி வைத்துக் கல்லீரலைக் காக்கும். எல்லாத் தாங்கிகளுக்கும் மாத்திரை தேவைப்படாது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் முறையான சோதனைகளால் முடிவு செய்வார்.

நீங்கள் செய்யக்கூடியது

திருப்புட்குழியில் வாழும் ஓர் இளந்தாயை எண்ணிப் பாருங்கள். அவள் கண்கள் மஞ்சளாக இல்லை. அவளுக்கு ஒரு நோயும் தெரியவில்லை. ஆனால் கருவுற்ற காலத்தில் எடுக்கும் சிறிதளவு இரத்தம், அவள் வைரஸ் தாங்கி என்று காட்டக்கூடும். அதை முன்பே அறிந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் ஊசியும் போட்டு, அக்குழந்தையை வாழ்நாள் முழுவதும் காப்பாற்றலாம். அறியாவிட்டால் அடுத்த தலைமுறைக்கும் வைரஸ் சென்றுவிடும்.

அத்தாயை யாரும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ, கைபிடித்துப் பழகுவதாலோ பி வைரஸ் பரவாது. இரத்தம், உடலுறவு, ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுதல், சவரக் கத்தியைப் பகிர்தல் ஆகியவையே அதன் வழிகள். குடும்பத்தினர் சோதித்துக்கொண்டு, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும்.

உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காமாலை கண்டு, பச்சிலை குடித்து, மஞ்சள் மறைந்துவிட்டதா? மகிழ்ச்சி. ஆனால் மறைந்தது மஞ்சள் நிறம்தான். வைரஸும் போயிற்றா என்பது தெரியாது. அதைச் சொல்லக்கூடியது இரத்தச் சோதனை மட்டுமே. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி போதும். முதல்நிலை விடை அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று அந்த ஒரு துளியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வரும்போது பாட்டியையும் அழைத்துச் சென்று சோதித்துவிடுங்கள்.