சந்தையில கோழி வாங்குறீங்களா? 2 வாரம் தனியா வைங்க!

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழன்தோறும் கூடும் சந்தையில் நாட்டுக்கோழி வாங்கி வளர்ப்போர் ஏராளம். வாங்கிய கோழியை அன்றைக்கே வீட்டுக் கோழிகளோடு விட்டால் வந்தது வினை. வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய் தொற்றினால் கூண்டே காலியாகி விடும். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. தடுப்பூசிதான் ஒரே வழி.

குஞ்சு பொரித்த 7-ம் நாள் லசோட்டா சொட்டு மருந்தை கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். 8-வது வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்க.

புதுக்கோழிக்கு 2 வாரம் தனிக்கூண்டு, தனித் தீனி, தனித் தண்ணி. தூங்கி வழியுதா, பச்சையா கழியுதா, கழுத்து திருகுதா என பாருங்க. நல்லா இருந்தால் இருட்டிய பிறகு கூட்டத்தோடு விடுங்க, சண்டை குறையும்.

கோழி கொடுப்பவர்களும் ஊசி போட்ட தேதியை சொல்லிக் கொடுங்க. சீக்குக் கோழியை மட்டும் அடுத்தவர் தலையில் கட்டாதீங்க!