பிற்காப்பு (இந்தியா)

பிற்காப்பு என்பது குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, 18 வயது நிறைந்து வெளியேறும் இளையோர் தற்சார்புடன் வாழ அளிக்கப்படும் ஆதரவு ஆகும். குடும்பத்தில் வளர்பவருக்கு அவ்வயதுக்குப் பின்னும் வீடும் உறவும் தொடர்கின்றன. இல்லத்தில் வளர்ந்தவரோ உறைவிடம், உணவு, பொறுப்பாளர் ஆகியவற்றை ஒருசேர இழக்க நேரிடுகிறது.

சட்ட ஏற்பாடுகள்

2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு, இவ்வாறு வெளியேறுவோருக்கு நிதியுதவி அளிக்கப்படலாம் எனக் கூறுகிறது. 2016 ஆம் ஆண்டின் மாதிரி விதிகள்படி இவ்வுதவி 21 வயது வரை வழங்கப்படுகிறது. சிறப்புச் சூழல்களில் மேலும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்படலாம். சிறு குழுக்களாகத் தங்கும் தற்காலிக வீடு, தொழிற்பயிற்சி, உதவித்தொகை, உளவள ஆலோசனை ஆகியன இதில் அடங்கும். 2022 இல் வெளியான மிஷன் வாத்சல்யா வழிகாட்டு நெறிகள் இதற்கென ஒருவருக்கு மாதம் 4000 ரூபாய் வரையறுத்தன.

நடைமுறைச் சிக்கல்கள்

சட்டத்தில் "அளிக்கப்படும்" என்றில்லாமல் "அளிக்கப்படலாம்" என்றிருப்பதால், பிற்காப்பு உறுதியான உரிமையாக அமையவில்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியன முன்கூட்டியே இல்லாவிடில், கல்லூரிச் சேர்க்கையும் வாடகை வீடும் எட்டாதவையாகிவிடுகின்றன. எனவே பிற்காப்புக்கான ஆயத்தம் 18 வயதுக்கு முன்பே தொடங்கப்படுதல் இன்றியமையாதது.